ஒத்திகைப் புத்தகம்

“நாட்டுக்கும் மக்களுக்கும் உண்மையாக இருப்பேன் என்று…” அதோடு நின்றுவிட்டார் குடியரசுத் தலைவர். வேதாகமத்தின் மேல் வைக்க வேண்டிய வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“என்ன ஆச்சு பொம்பிலியு?” என்று மேடைக்குக் கீழேயிருந்து கத்தினாள் ஸ்மராண்டா.

“அதுமேல கை வைக்க மாட்டேன் மேடம். வேற என்ன வேணாலும் சொல்லுங்க, செய்றேன்.”

பொம்பிலியு நாடாளுமன்றக் கட்டடத்தின் கொதிகலன் அறையில் வேலை பார்ப்பவர். நாளை பதவியேற்கப்போகும் ஹொரியாவின் அதே உயரம், அதே தோள் அகலம். அதனால் ஒத்திகைக்கு இந்த ஒரு பிற்பகல் மட்டும் அவர்தான் குடியரசுத் தலைவர்.

“இது சும்மா ஒத்திகைங்க. கேமரா எங்க வைக்கிறதுன்னு பாக்கத்தான்!”

“ஒத்திகைன்னு கடவுள்கிட்ட யாரு போய்ச் சொல்றது? என் மச்சினன் கோர்ட்டுல பொய் சத்தியம் பண்ணான். வருஷம் திரும்பல, கை விளங்காமப் போச்சு. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு மேடம்.”

கேமராக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “நல்ல தலைவரைத் தேர்ந்தெடுத்தோம்யா! சத்தியம் பண்ணவே நடுங்குறாரு!” என்றான் ஒருவன். விழா ஏற்பாடு முழுவதற்கும் பொறுப்பான ஸ்மராண்டாவும் சேர்ந்து சிரித்தாள். பொம்பிலியுவின் முகம் சிவந்துபோனது. கை மட்டும் வெளியே வரவில்லை.

வேறு வழியில்லாமல் உணவகத்திலிருந்து ஒரு தடித்த சமையல் புத்தகத்தை வாங்கி வரச் சொல்லி, வேதாகமத்துக்கு இருந்ததைப் போலவே இன்னொரு சிவப்பு வெல்வெட் உறையை அதற்கு மாட்டினாள். பொம்பிலியு உள்ளே திறந்து பார்த்தார். இறைச்சி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் செய்முறை இருந்தது. “இதுமேல எத்தனை தடவை வேணாலும் பண்றேன்” என்றவர், மண்டபமே அதிரும்படி உறுதிமொழியை ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். ஒத்திகை முடிந்ததும் ஸ்மராண்டா அதை உறையோடு மேஜையின் கீழ்த்தட்டில் போட்டுவிட்டு, வேதாகமத்தை மேஜை மேல் வைத்தாள்.

மாலையில் ஹொரியாவே மண்டபத்தைப் பார்க்க வந்தார். யாரோ பொம்பிலியுவின் கதையைச் சொல்ல, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு, “ஒரு அஞ்சு நிமிஷம் என்னை இங்க தனியா விடறீங்களா? ஜெபம் பண்ணிக்கணும்” என்று கேட்டார்.

ஸ்மராண்டாவுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. எத்தனை பேருக்கு இந்த நாளில் ஜெபம் பண்ணத் தோன்றும்? எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டுக் கதவை அவளே சாத்தினாள்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் மேஜை ஜாடியில் பன்னிரண்டு ரோஜா! இரட்டைப்படையில் பூ வைக்க இது என்ன சாவு வீடா? ஒன்றைப் பிடுங்கும் அவசரத்தில் ஜாடி சாய்ந்து தண்ணீர் கொட்டியது. மேஜை மேலிருந்த புத்தகத்தையும் கீழ்த்தட்டிலிருந்த புத்தகத்தையும் தூக்கி, துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

விழா குறையில்லாமல் நடந்தது. ஹொரியா கை வைத்தார், தழுதழுத்த குரலில் உறுதிமொழி எடுத்தார். இருபத்தொரு முறை பீரங்கி முழங்கியது.

கூட்டம் கலைந்ததும் மேஜை மேலிருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வைக்க எடுத்தாள். உறை நழுவியது. உள்ளே முட்டைக்கோஸ்.

பேராயர் பக்கத்தில் நிற்க, நாடே டிவியில் பார்த்துக்கொண்டிருக்க, குடியரசுத் தலைவரைச் சமையல் புத்தகத்தின் மேல் சத்தியம் பண்ண வைத்துவிட்டாளே!

மேஜையைத் தூக்க வந்த பொம்பிலியுவும் பார்த்துவிட்டார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க பொம்பிலியு. பதினேழு வருஷ வேலை போயிடும்.”

“நான் ஏன் சொல்றேன்? ஆனா அவர்கிட்ட நீங்க சொல்லித்தான் ஆகணும் மேடம். பாவம், சத்தியம் பண்ணிட்டதா நெனச்சுக்கிட்டு இருப்பாரு மனுஷன்.”

நேற்று இவரைப் பார்த்தா சிரித்தோம் என்று ஸ்மராண்டாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. வேலை போனால் போகட்டும். உண்மையான வேதாகமத்தை எடுத்துக்கொண்டு நேரே குடியரசுத் தலைவரின் அறைக்குப் போனாள். அவர் தனியாக இருந்தார். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஜாடித் தண்ணியைத் துடைக்கும்போது நான்தான் மாத்தி வச்சிருக்கேன் ஐயா. உங்க முகத்தைப் பாக்கவே வெக்கமா இருக்கு. ராஜினாமாவை இப்பவே எழுதித் தர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி, இதுமேல கை வச்சு ஒரு தடவை சொல்லிடுங்க. நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்.”

இரண்டு கைகளாலும் வேதாகமத்தை நீட்டினாள்.

ஹொரியா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். எழுந்துபோய், திறந்திருந்த கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அழாதீங்க. மாத்தி வச்சது நான்தான்.”