நீல ஐசியைக் காட்டு!

“நீல ஐசி இருக்கா? இல்லையா? அப்ப நடையைக் கட்டுலா!”

கறுப்புப் பையோடு வந்த ஆள் ஏதோ சொல்ல வாயெடுத்தான். தியாகராஜா விடவில்லை. குடிமக்களுக்குத்தான் நீல அடையாள அட்டை. அது இல்லாதவனோடு என்ன பேச்சு? கையை வீசி விரட்டினார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் அன்று இலவசக் கண் முகாம். காவலுக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தானாகவே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முகாமை ஏற்பாடு செய்த ராகினி உள்ளேயிருந்து வந்தாள். “யார் அங்கிள் அது?”

“எவனோ வெளிநாட்டுக்காரன். கழுத்துல ஃபேக்டரி அட்டை. ஓசிக் கண்ணாடின்னதும் வந்துட்டான்!”

“ஐசி வேணும்னு நாங்க நோட்டீஸ்ல போடலையே. அவங்களுக்கும் கண்ணுதானே?”

“கண்ணு இருக்கட்டும்லா. வரி கட்டுறானா?”

“சம்பளத்துலயே பிடிக்கிறாங்க. நீங்க கட்டினீங்களா?”

“நான் ரிட்டயர்!”

“வேலையில இருந்தப்ப?”

“அப்ப சம்பளம் பத்தலைலா!”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு உறைக்கவில்லை. அவர் கவலை வேறு. எதிரே வருவது பஸ்ஸா பசுவா என்று தெரியாத அளவுக்குக் கண் மங்கிவிட்டது. டாக்டரிடம் காட்டும்வரை மோட்டார் சைக்கிள் சாவி கிடையாது என்று மனைவி புஷ்பராணி பிடுங்கி வைத்துக்கொண்டாள். தனியாரிடம் போக வசதியில்லை. கண்டவனும் நுழைந்தால் தன் முறை வருவதற்குள் கண்ணாடி தீர்ந்துவிடும்.

வெயில் ஏறியது. டாக்டரைக் காணோம்.

“இந்த நாட்டுல யாரையுமே நம்ப முடியலலா!” என்று புலம்பினார்.

உள்ளே போன் பேசப் போன ராகினி, திரும்பி வந்து அவர் முன்னால் நின்றாள்.

“டாக்டர் காலையிலேயே வந்துட்டாராம் அங்கிள். மருத்துவக் கல்லூரியில பாடம் நடத்துற பர்மாக்காரரு. வாசல்ல ஐசி கேட்டு விரட்டிட்டாங்களாம். பையில இருந்தது கண்ணு பார்க்குற கருவி.”

மொத்த வரிசையும் தியாகராஜாவைத் திரும்பிப் பார்த்தது. வரிசையில் நின்ற புஷ்பராணி சாவியை இடுப்பில் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டாள்.

“அப்ப... இனிமே வர மாட்டாரா?” தியாகராஜா நாற்காலியை விட்டு எழுந்தார்.

“வர்றாரு. பசார் பக்கம் காப்பி குடிச்சிட்டிருக்காரு. ஆனா முதல் நம்பர் உங்களுக்குத்தான் குடுக்கணுமாம்.”

“எனக்கா? ஏம்மா?”

“அவர் கழுத்துல தொங்குச்சே அட்டை, அதுல ‘கண் டாக்டர்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்காம்.”