கூல்ஸ்பி வீட்டு வெள்ளை ரோஜா

சிகாகோ ஏரிக்கரை மைதானத்தின் வாசலில் அந்தக் கறுப்புச் சவ வண்டி வந்து நின்றதும், காவலாளி மோஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடி வந்தான்.

"யாருங்கய்யா செத்தது?"

"யாரும் சாகல. எம் மகன் ஆடுறான்" என்று சொல்லி இறங்கினார் ஆகஸ்டஸ் கூல்ஸ்பி. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியும் கறுப்புக் கோட்டில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் ஒரே ஒரு வெள்ளை ரோஜா.

மிசிசிப்பியின் டன்பார் ஊரில் மூன்று தலைமுறையாக இறுதிச் சடங்கு நடத்திவைக்கும் குடும்பம் அது. இன்னார் செத்துவிட்டார் என்று கூல்ஸ்பி சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. வண்டியின் பக்கவாட்டில் தங்க எழுத்தில் 'கூல்ஸ்பி' என்று மட்டும் இருந்ததை, போன வாரம்தான் 'கூல்ஸ்பியும் மகனும்' என்று மாற்றி எழுதியிருந்தார். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஆளோடு ஆளாகப் பேருந்தில் இடிபட்டு வர முடியுமா?

டன்பார் கல்லூரியின் ஃபுட்பால் அணி தன் சொந்த மைதான ஆட்டங்களைச் சிகாகோவில் ஆடத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. பிழைப்புத் தேடி வடக்கே வந்த டன்பார்க்காரர்கள் ஊரில் இருப்பவர்களைவிட இங்கேதான் அதிகம். டிக்கெட் மிச்சமில்லாமல் விற்கும். ஊரார் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கினார்கள். கூல்ஸ்பி அடங்கவில்லை. கல்லூரித் தலைவரின் வீட்டுக்கே போய், வேறு எந்த நகரமானாலும் சரி, சிகாகோ மட்டும் வேண்டாம் என்று வாதாடினார். காரணம் சொல்லவில்லை. கேட்டது நடக்கவுமில்லை. அதன்பிறகு மகனின் ஓர் ஆட்டத்துக்கும் அவர் வந்ததில்லை.

இன்றைக்கு வராமல் இருக்க முடியாது. படிப்பை முடித்துப் போகும் வீரர்களுக்கு இதுதான் கடைசி. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவனும் பெற்றவர்களின் கையைப் பிடித்து மைதானத்தில் நடப்பான். ஒலிபெருக்கியில் குடும்பப் பெயரைச் சொல்வார்கள். தாய் தகப்பன் இருவரும் இருக்கிறவன் சட்டையில் சிவப்பு ரோஜா. ஒருவர் இறந்திருந்தாலும் வெள்ளை. தாய் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை என்று தேவாலயத்தில் அன்னையர் நாளுக்கு உள்ள வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றி அணி தனக்கென்று வைத்துக்கொண்டது.

மகன் லீலண்டுக்கு வெள்ளை புதிதல்ல. சின்னப் பையனாக இருந்தபோது அம்மா எங்கே என்று ஒருமுறை கேட்டான். கூல்ஸ்பி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "உங்கம்மா தூர ஊர்ல செத்துட்டா" என்றார். அதோடு சரி. டன்பாரில் அவர் கைபடாத கல்லறை இல்லை. அவளுடைய கல்லறை மட்டும் அங்கே இல்லை. வருஷம் தவறாமல் அன்னையர் நாளில் தன் தோட்டத்து வெள்ளை ரோஜாவை அவரே மகன் சட்டையில் குத்திவிடுவார். இந்த வருஷமும் அவன் மறுக்காமல் சட்டையைக் காட்டினான்.

மோஸ் அவரைக் கயிற்றோரம் நிறுத்தினான். மகன் வந்து கைகாட்டினால்தான் உள்ளே விடலாம் என்றும், கண்டவனெல்லாம் அப்பன் என்று சொல்லி நுழைந்துவிடுகிறான் என்றும் சொன்னான்.

"இந்த மூஞ்சிக்கு இன்னொருத்தன் சாட்சி சொல்லணுமா?"

"கோவிச்சுக்காதீங்கய்யா. நாலு வருஷமா நிக்கிறேன், உங்களை ஒரு நாள்கூடப் பாத்ததில்லையே. இங்க ஒரு அம்மா ஒரு ஆட்டம் விடமாட்டாங்க. கோழி வறுத்துக் கொண்டாந்து பசங்களை உக்கார வச்சுத் திங்க வைப்பாங்க."

"எனக்குப் பொணம் காத்துக்கிட்டிருக்கும்" என்றார் கூல்ஸ்பி.

ஆசன வரிசைகளில் இருந்த பழைய டன்பார்க்காரர்கள் அவரை அடையாளம் கண்டு தொப்பியைத் தூக்கினார்கள். தங்கள் தாயையும் தகப்பனையும் அவரிடம் ஒப்படைத்தவர்கள். அவர் தலையை மட்டும் அசைத்தார். அவர்கள் காதுபட மகன் பெயரோடு தன் பெயரும் ஒலிக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊருக்குப் போக வேண்டும். கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.

வீரர்கள் வந்தார்கள். லீலண்டின் சட்டையில் ஏற்கெனவே ஒரு வெள்ளை ரோஜா இருந்தது. சொல்லாமலே செய்திருக்கிறான், வளர்ப்பு வீண்போகவில்லை என்று கூல்ஸ்பிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தான் கொண்டுவந்ததைத் தன் கோட்டிலேயே குத்திக்கொண்டு ஓர் அடி முன்னால் வைத்தார்.

லீலண்ட் அவரைப் பார்த்தான். ஆனால் நிற்கவில்லை. கயிற்றின் மறுகோடியில் நீலத் தொப்பி வைத்து நின்ற ஒரு பெண்ணிடம் போய்க் கையை நீட்டினான்.

"வாம்மா."

அவள் திரும்பினாள். மோவாயில் அதே மச்சம். அவர் மனைவி வெர்னெல். வயது ஏறியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டைவிட்டு வடக்கே ரயிலேறிப் போனவளை உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பமல்ல கூல்ஸ்பி குடும்பம்.

"லீலண்ட். ஊர்க்காரங்க பாக்குறாங்க. இங்க வா" என்றார், குரலை உயர்த்தாமல்.

வெர்னெல் மகனின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "பெரிய மனுசன் கண்ணு. இன்னிக்கு ஒரு நாள் அவரைக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

மோஸ் கோழி வறுத்துக் கொண்டுவரும் அந்த அம்மாவைப் பார்த்தான். பையன் சட்டையிலிருந்த வெள்ளை ரோஜாவைப் பார்த்தான். கறுப்புக் கோட்டுக்காரரையும் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை.

"தம்பி, இவரு உங்கப்பான்னு சொல்றாரே?"

லீலண்ட் சட்டைப் பூவை நேராக்கிக்கொண்டான். அப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தபடியே காவலாளிக்குப் பதில் சொன்னான்.

"எங்கப்பா தூர ஊர்ல செத்துட்டாருண்ணே."