நாலு டை

மாடியில் குடியிருக்கும் அண்ணன் கீழ்வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாளைத் தம்பி படிக்காமலே கசக்கி எறிந்தான். நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சு கிடையாது, தாள் மட்டும்தான்.

வாசலுக்கு வந்தவனுக்கு ரத்தம் கொதித்தது. இரும்பு கேட்டைத் தூணோடு சேர்த்து, ஒயர் கட்டுகிற தடித்த பிளாஸ்டிக் டை நாலு போட்டு இறுக்கியிருந்தது.

“பாத்தியாடி? என் புதுக் கார் வெளிய போகக் கூடாதுன்னு கட்டி வச்சிருக்கான்!”

“அந்தத் தாள்ல என்னதான் எழுதியிருக்காருன்னு...” என்று இழுத்தாள் மனைவி.

“அவன் எழுதறது வேதமா? கட்டரை எடு.”

“கத்தி போதாதா?”

“வழுக்கினா விரல் போயிடும்.”

கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டான். டைக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து இடைவெளி உண்டாக்கி, பெயின்டில் ஒரு கீறல் விழாமல் ஒவ்வொன்றாக வெட்டினான். மாடியிலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றான்.

“நல்லா பாரு! வயிறு எரியட்டும்!”

நாலாவது டையும் அறுந்தது. தம்பி துள்ளி விலகினான். கேட் அப்படியே சாய்ந்து, பின்னால் நின்ற புதுக் காரின் மேல் விழுந்தது.

மனைவி கசங்கிய தாளைப் பிரித்துப் படித்தாள்.

“கேட்டோட கீல் ரெண்டும் உடைஞ்சுபோச்சு. டைதான் தாங்குது. பத்து மணிக்கு வெல்டர் வர்றான். தொடாதே.”

“வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சா என்ன?” என்று மாடியைப் பார்த்துக் கத்தினான் தம்பி.

“பேசினா பல்லை உடைப்பேன்னு சொன்னவன் நீதானேடா!” என்றான் அண்ணன். “ஆனா வெட்டு சுத்தம்.”