ஏழாம் குடிலின் சிப்பிகள்

கூட வருபவர் எங்கே என்று வரவேற்பறைப் பெண் மூன்றாவது முறையாகக் கேட்டாள். டாக்ஸியில் இருப்பதாகவும், காற்று கொஞ்சம் அடங்கியதும் இறங்குவார் என்றும் மேசைக்கு முன்னால் நின்றவளும் மூன்றாவது முறையாகச் சொன்னாள். பதிவு எண்ணை மட்டும் ஒரு எண் பிசகாமல் ஒப்பித்திருந்தாள்.

அது ஜோடிகளுக்கு மட்டுமேயான கடலோர விடுதி. சுவரில் மாட்டியிருந்த பலகையில், ஒவ்வொரு குடிலின் எண்ணுக்குக் கீழும் இரண்டு சிப்பிகள் நூலில் தொங்கின. ஆளுக்கு ஒன்றை அவரவர் கையாலேயே எடுக்க வேண்டும். இரண்டும் போய்விட்டால் அந்தக் குடில் பக்கம் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள்.

"நேத்து உங்க வீட்டு நம்பருக்குப் பேசினப்ப, கடல் பக்கம் வேணும்னு சொன்னது நீங்கதானே மேடம்?"

"நான் இல்ல. கூட வந்திருக்கறவங்க."

கேக்கில் சர்க்கரை போட வேண்டாம் என்றாள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்றும் கேட்டாள். வரவேற்பறைப் பெண் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். யாரோ பணக்காரக் கிழவரோடு வந்திருக்கிறாள் என்று அவள் முடிவுகட்டிவிட்டது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. கணவன். போனை எடுக்கும்போது, மடித்து வைத்திருந்த ஒரு பக்கமும் கூடவே வந்தது. 'காதலர்கள் கட்டாயம் போக வேண்டிய பத்துக் கடற்கரைகள்.' வாரப் பத்திரிகையில் வந்தது. பன்னிரண்டு வருடங்களாக அவள் வீட்டு அடுக்களை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. அதைக் காட்டும்போதெல்லாம், கடல்ல என்ன இருக்கு, உப்புத் தண்ணி என்பான். இந்த விடுதி அதில் நான்காவது. இன்று காலையில்தான் உரித்தெடுத்தாள்.

வெளியூர் மீட்டிங்கில் இருப்பதாகவும், இனி நாளை மாலை வரை போனை அணைத்துவிடப்போவதாகவும் அவன் சொன்னான். வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பதாக அவள் சொன்னாள். அவனிடம் பொய் சொன்னால் அவளுக்கு நாக்குக் குழறும். இன்று வெண்ணெய்யில் கத்தி இறங்கியது போல இருந்தது.

"அம்மா என்ன பண்றாங்க?"

"தூங்கறாங்க. அங்க என்ன, இப்படிக் காத்து இரையுது?"

"ஃபேன்," என்று வைத்துவிட்டான்.

இந்த நிமிடமே திரும்பிப் போனால் எதுவும் கலையாது. பன்னிரண்டு வருடக் குடும்பம் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். அலமாரிக் கதவில் பசைத் தடம் மட்டும் மிச்சமிருக்கும். தங்கிவிட்டால், நாளை அந்த வீட்டில் அவள் என்னவாக இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. கையை நீட்டி, ஏழாம் எண்ணுக்குக் கீழிருந்த சிப்பிகளில் ஒன்றை எடுத்தாள்.

டாக்ஸிக் கதவு திறந்தது. காது வரை போர்த்திய சால்வை, முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி, மெதுவான நடை. உருவம் படியேறி மேசைக்கு வந்ததும் வரவேற்பறைப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். இது சரிவராது மேடம், இது வேற மாதிரி இடம் என்று இழுத்தாள்.

"ரூல்ல ரெண்டு பேர்னுதானே போட்டிருக்கு? எந்த ரெண்டு பேர்னு போட்டிருக்கா?"

வரவேற்பறைப் பெண் விதிமுறைத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாள். போட்டிருக்கவில்லை. இரண்டாவது சிப்பியும் நூலிலிருந்து கழன்றது.

கடல் அவள் நினைத்திருந்ததைவிடப் பெரிய வாயாடியாக இருந்தது. பத்திரிகைப் படத்தில் சத்தம் வந்ததில்லை அல்லவா. குடிலின் பின்பக்க ஊஞ்சலில் இருவரும் அலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து, சர்க்கரை போடாத கேக்கை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டார்கள். பயமாக இருக்கிறது என்று அவள் மெல்லச் சொன்னாள்.

"பயப்பட வேண்டியது நீ இல்ல," என்றது சால்வை.

அரை மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. எழுந்து போய்த் திறந்தாள். ஏழாம் குடில் தன் பேரில் பதிவானது என்று ஒருவர் தகராறு செய்வதாக வரவேற்பறைப் பெண் கையைப் பிசைந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவன் கணவன். அவனுக்குப் பின்னால், கடைச்சீட்டைக்கூடப் பிய்க்காத புத்தம்புது வைக்கோல் தொப்பியோடு ஓர் இளம்பெண், அவன் முழங்கையைப் பிடித்தபடி நின்றாள்.

மனைவியைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது. ஆனால் மேசைமேல் இரண்டு சிப்பிகளையும், அவள் தோளுக்கு அப்பால் ஊஞ்சலில் முதுகு காட்டி ஆடும் உருவத்தையும் பார்த்தான். போன குரல் திரும்பி வந்தது.

"துணி மடிக்கறேன்னியே. எவன்டி அது உள்ள?"

அவள் நிலைப்படியிலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"ஃபேன் நல்லா ஓடுதா?"

அவளைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே காலை வைத்தான். ஊஞ்சல் நின்றது. கேக் துகள் ஒட்டிய விரல்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றின, சால்வை தோளுக்கு இறங்கியது. தொப்பிக்காரப் பெண் அவன் முழங்கையை விட்டுவிட்டாள்.

"ரெண்டு பேருக்குத்தானடா ரூம் போட்ட? நானும் என் மருமகளும் வந்துட்டோம்."