தலைவரின் முதல் கையெழுத்து

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் மின்விசிறி சுற்றுகிறதே தவிர காற்று வரவில்லை. ராஜபாளையத்தில் பொன்னுராஜ் நடத்தும் பரோட்டாக் கடையின் உரிமத்தை நகராட்சி நிறுத்திவைத்து இருபது நாளாகிறது. கல் குளிர்ந்து கிடக்கிறது. இன்றும் தடை நீங்காவிட்டால் கடையைக் காலி செய்ய வேண்டியதுதான். வழக்குப் போடச் சொன்னவரும், இப்போது துணைக்கு வந்து ஒட்டி உட்கார்ந்திருப்பவரும் வியாபாரிகள் சங்கத் தலைவர் உக்கிரபாண்டி. தோளில் ஜரிகைத் துண்டு, சட்டைப்பையில் நாலு பேனா. எதிர்த்தரப்பு வக்கீல், கடைப்புகை தாங்கவில்லை என்று தெருக்காரர்கள் கொடுத்த புகார் மனுவை நீட்டுகிறார். நீதிபதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முதல் கையெழுத்தை வாசிக்கிறார்: "சங்கத் தலைவர் உக்கிரபாண்டி." பேர் காதில் விழுந்ததும் தலைவர் துண்டைச் சரிசெய்து எழுந்து, நாலு பக்கமும் கும்பிடு போட்டுவிட்டு உட்காருகிறார். பொன்னுராஜ் அவர் துண்டைப் பிடித்து இழுக்கிறார். "அண்ணே, என் கடைய மூடச் சொல்லி நீங்களா கையெழுத்துப் போட்டிய?" தலைவர் முகத்தில் துளி வெட்கமில்லை. "நம்ம ஏரியாவுல எந்த மனுவா இருந்தாலும் முதல் கையெழுத்து என்னோடதுதானலே. உள்ள என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கிறதா தலைவர் வேலை? செத்த சும்மா இரு, அய்யா இன்னொரு தடவ பேர வாசிப்பாவ."