ஓய்வு கிடைக்காத கோல்கீப்பர்

கையுறையை மாடியில் காயவைக்கச் சொல்லிவிட்டு அருமைராஜ் பயிற்சிக்குக் கிளம்பினான். மைதானத்திலேயே மாரடைப்பில் போய்விட்டான். அடுத்த ஞாயிறே திரையில் கோல் காத்துக்கொண்டிருந்தான். நொடித்துப்போன லீக், ஆட்டக்காரர்களைப் போலவே கணினியில் செய்த, சம்பளம் கேட்காத ஒளியுருவங்களை வைத்து ஆட்டங்களை நடத்தியது. அதற்குச் சீர்திருத்தம் என்று பெயர்.

அவன் மனைவி ரோசலின் வியாசர்பாடியிலிருந்து மறுபடியும் கிளப் அலுவலகத்துக்கு வந்து மேலாளரிடம் சீறினாள்.

"செத்தவருக்காவது லீவு குடுங்க சார். அப்பா இல்லன்னு சொன்னா புள்ள நம்ப மாட்டேங்குது. அதான் டிவில ஆடுறாரேங்குது."

"உயிரோட ஒரு கீப்பர் வெச்சா சாப்பாடு, பஸ்ஸு, சம்பளம்னு நான் எங்கம்மா போவேன்? அதுவுமில்லாம அவரு இப்ப எங்க ஆளே இல்ல. வாங்கின கடனுக்கு ஈடா ராயபுரம் டீமுக்கு எழுதிக் குடுத்துட்டோம்."

"ராயபுரமா? அவங்க தண்ணி குடுத்தாகூட குடிக்க மாட்டாரே!"

"இப்ப எதுவுமே குடிக்கறதில்லையேம்மா."

அன்று மாலை பிள்ளையோடு அவளும் உட்கார்ந்து பார்த்தாள். ராயபுரத்தின் பச்சைச் சட்டையில் நின்றவனைத் தாண்டி ஒரு கோல் விழுந்தது. புழுதியே இல்லாத அந்த மைதானத்திலும், வலைக்குள்ளிருந்து பந்தைத் தானே எடுத்து, எப்போதும்போல நெஞ்சில் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தான்.