எல்லா அறையும் காலி

வரிக்குப் பயந்த லாட்ஜ்காரர், 'எல்லா அறையும் காலி' என்றே அரசின் சுற்றுலாத் தளத்தில் தினமும் பதிந்து வந்தார்.

"ஏங்க, மாடி ரூம் அம்மா, 'எப்பவுமே இவ்வளவு கூட்டமா?'ன்னு துருவித் துருவிக் கேக்கறாங்க" என்றாள் மனைவி.

"நேத்து வந்த கண்ணாடிக்காரரும் இதையேதான் கேட்டார். துறை ஆளுங்கதான். தொலைஞ்சோம்!"

மாடியேறி, குழைந்தபடி கேட்டார். "மேடம், நீங்க சுற்றுலாத் துறையா?"

"டீச்சர்ங்க. பரீட்சைப் பேப்பர் திருத்த அமைதியான இடம் தேடினேன். ஊர்லயே ஆள் வராத லாட்ஜ் இதுதான்னு அரசுத் தளம் சொல்லிச்சு. பேசிப் பார்த்தா, இங்க எல்லாருமே அதை நம்பி வந்தவங்க!"

விஷயம் தெரிந்த மனைவி, "இனிமேலாவது உண்மையைப் பதிஞ்சிடலாங்க" என்றாள்.

"பைத்தியமே! உண்மையைப் பதிஞ்சா, நிஜமாவே காலியாயிடும்!"